டைக்ளோஃபினாக்குடன் சேரக்கூடாத மாத்திரைகள் எவை, ஏன்?

பல் பிடுங்கினாலும், கால் பிசகினாலும், இடுப்பு பிடித்துக்கொண்டாலும் தமிழ்நாட்டில் மருந்துச் சீட்டில் பெரும்பாலும் வந்து நிற்பது டைக்ளோஃபினாக். இல்லையென்றால் அதன் நெருங்கிய உறவான அசிக்ளோஃபினாக். சுவிட்சர்லாந்தின் சீபா-கெய்கி நிறுவனத்தில் 1973-இல் உருவான மருந்து இது. வோவெரான் என்ற பெயரில் இங்கே பலருக்கும் தெரியும். வலியும் வீக்கமும் நன்றாகக் குறையும், அதில் சந்தேகம் இல்லை. இந்தியச் சட்டப்படி இது அட்டவணை 'எச்' மருந்து, அதாவது மருத்துவரின் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. ஆனால் நடைமுறையில் மெடிக்கலில் போய் "வலிக்கு ஒண்ணு குடுங்க" என்றாலே கைக்கு வந்துவிடுகிறது.

தனியாக நாலைந்து நாள் போட்டுக்கொள்ளும் ஆரோக்கியமான ஆளுக்கு இதனால் பெரிய ஆபத்து வருவது அரிது. ஏற்கெனவே தினமும் வேறு மாத்திரைகள் சாப்பிடுபவருக்குத்தான் சிக்கல். பி.பி., சுகர், இதயம், மனநலம், மூட்டுவாதம் என்று ஆளுக்கு ஆள் மாறும் அந்த மாத்திரைகளில் பலவற்றோடு டைக்ளோஃபினாக் ஒத்துப்போகாது. மாத்திரைப் பெட்டிக்குள் இருக்கும் சின்னக் காகிதத்தை விரித்தால் ஒத்துப்போகாத மருந்துகளின் நீண்ட பட்டியல் இருக்கும். அதை யாரும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. இந்த மருந்து உடம்பில் எதைத் தடுக்கிறது என்று தெரிந்துகொண்டால் பட்டியலில் முக்கால்வாசி தானாகவே புரியும்.

அடிபட்ட இடத்தில் வலியையும் வீக்கத்தையும் உண்டாக்குவதில் புரோஸ்டாகிளாண்டின் என்னும் வேதிப்பொருளுக்குப் பெரிய பங்கு உண்டு. அதைத் தயாரிக்கும் காக்ஸ் என்ற நொதியை டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென், நாப்ராக்சன், மெஃபனாமிக் அமிலம், நிமெசுலைடு எல்லாமே தடுக்கின்றன. ஆஸ்பிரின் இப்படித்தான் வேலை செய்கிறது என்று 1971-இல் பிரிட்டன் விஞ்ஞானி ஜான் வேன் கண்டுபிடித்தார். 1982-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததில் இந்தக் கண்டுபிடிப்புக்குப் பங்கு உண்டு. புரோஸ்டாகிளாண்டின் வலியை மட்டும் தருவதில்லை. இரைப்பையின் உட்சுவரை அமிலம் அரிக்காமல் காப்பதும் அதுதான். சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தக்குழாய் சுருங்காமல் பார்த்துக்கொள்வதும் அதுதான். ரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதும் இதே நொதியின் வேலையைச் சார்ந்திருக்கிறது. முழங்கால் வலிக்காகப் போடும் மாத்திரைக்கு முழங்கால் எது, சிறுநீரகம் எது என்று தெரியாது. ரத்தம் போகும் இடமெல்லாம் அது போகும், போன இடத்திலெல்லாம் தடுக்கும்.

சிறுநீரகத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே நடப்பது வெளியே தெரியாது. ஒரு வயல் மடையை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் உள்ளே வரும் மடை அகலமாகத் திறந்திருக்க வேண்டும், வெளியேறும் மடை கொஞ்சம் ஒடுங்கியிருக்க வேண்டும், அப்போதுதான் வயலில் தண்ணீர் நிற்கும். சிறுநீரகத்தின் வடிகட்டியிலும் அப்படித்தான் அழுத்தம் நிற்கிறது. உள்ளே வரும் குழாயைத் திறந்து வைப்பது புரோஸ்டாகிளாண்டின். வெளியேறும் குழாயை ஒடுக்கி வைப்பது ஆஞ்சியோடென்சின் என்ற இன்னொரு பொருள். உடம்பில் நீர் குறையும்போதும், வயதாகும்போதும், இதயம் பலவீனமாகும்போதும் இந்த இரண்டையும் நம்பித்தான் சிறுநீரகம் வடிகட்டிக்கொண்டிருக்கிறது.

இப்போது ஒருவர் பி.பி.க்கு டெல்மிசார்டான், லோசார்டான், எனலாப்ரில், ராமிப்ரில் இவற்றில் ஒன்றைத் தினமும் சாப்பிடுகிறார். இவை எல்லாம் ஆஞ்சியோடென்சினின் வேலையைத் தடுத்து, வெளியேறும் குழாயை விரிய வைப்பவை. அதோடு சிறுநீரை அதிகம் போக வைக்கும் நீர் மாத்திரையும் ஓடுகிறது: ஹைட்ரோகுளோரோதயாசைடு, குளோர்தாலிடோன், ஃபுரோசமைடு ஏதோ ஒன்று. உடம்பில் சுற்றும் நீரின் அளவு குறைகிறது. இதுவரை சரி, இரண்டும் சேர்ந்து நல்லபடியாக பி.பி.யைக் கட்டுக்குள் வைக்கின்றன. இந்த நிலையில் முதுகு பிடித்துக்கொண்டு டைக்ளோஃபினாக் உள்ளே வந்தால் உள்ளே வரும் குழாயும் சுருங்கிவிடும். வடிகட்டியில் அழுத்தம் விழுந்துவிடும். இந்த மூன்றின் சேர்க்கையை மும்முனை அடி என்றே மருத்துவர்கள் சொல்வார்கள்.

பிரிட்டனில் பி.பி. மாத்திரை எடுத்துக்கொள்ளும் சுமார் 4.87 லட்சம் பேரின் மருத்துவப் பதிவுகளை வைத்து 2013-இல் ஓர் ஆய்வு வெளியானது. இந்த மூன்றும் சேர்ந்தபோது திடீர் சிறுநீரகப் பாதிப்பு 31 சதவீதம் அதிகமாக இருந்தது. முதல் 30 நாளை மட்டும் எடுத்துப் பார்த்தால் அந்த அதிகரிப்பு 82 சதவீதம். 'ரொம்ப நாள் போட்டால்தான் கிட்னிக்குக் கெடுதல், ஒரு வாரம் போட்டால் ஒன்றும் ஆகாது' என்ற நம்பிக்கையை இந்த எண் அசைக்கிறது. இந்தச் சேர்க்கையில் ஆரம்ப வாரங்கள்தான் அதிகம் கவனிக்க வேண்டியவை.

நம் ஊரில் இதை மறைத்து வைக்கும் விஷயம் ஒன்று உண்டு. "நான் ஒரே ஒரு பி.பி. மாத்திரைதான் போடுறேன்" என்பார்கள். அந்த ஒன்றுக்குள் இரண்டு மருந்து இருக்கும். டெல்மிசார்டான் 40 மி.கி.யும் ஹைட்ரோகுளோரோதயாசைடு 12.5 மி.கி.யும் ஒரே மாத்திரையாக வருகின்றன. பெயருக்குப் பின்னால் 'எச்' என்று ஓர் எழுத்து ஒட்டியிருந்தால் பெரும்பாலும் அது நீர் மாத்திரை கலந்தது. 'ஏஎம்' என்றிருந்தால் அம்லோடிபின் என்ற வேறு வகை பி.பி. மருந்து கலந்தது. இந்த ஓரெழுத்து வித்தியாசம் முக்கியம். அம்லோடிபினுக்கும் வலி மாத்திரைக்கும் உரசல் குறைவு, 'எச்' கலந்ததற்கு அதிகம்.

அப்புறம், டைக்ளோஃபினாக் பி.பி.யையே ஏற்றும். உப்பையும் நீரையும் உடம்பு பிடித்து வைத்துக்கொள்ளும், கணுக்கால் லேசாக வீங்கும், அழுத்தம் சராசரியாக 3 முதல் 5 மி.மீ. வரை ஏறும். சிலருக்கு இதைவிட அதிகம். அடுத்த மாதம் பரிசோதனைக்குப் போகும்போது பி.பி. கூடியிருக்கிறது. வலி மாத்திரை விஷயத்தை யாரும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. மருத்துவர் என்ன செய்வார்? இன்னொரு மாத்திரை சேர்ப்பார், பல நேரம் அது நீர் மாத்திரையாகவே இருக்கும். இரண்டாக இருந்த சேர்க்கை மூன்றாகிவிடுகிறது. இதில் யாருடைய தவறும் தனியாகத் தெரியாது என்பதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. எலும்பு மருத்துவர் எழுதியது சரி, பி.பி. பார்ப்பவர் எழுதியதும் சரி. இரண்டு சீட்டையும் ஒருசேர ஒருவரும் பார்க்கவில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பி.பி., சுகர் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. மிகவும் நல்ல ஏற்பாடு அது. மாத்திரை கொண்டுவருபவரிடம் "வலிக்கு வேறு மாத்திரையும் போடுகிறேன்" என்று ஒரு வார்த்தை சொன்னால் அது மருத்துவரின் காதுக்குப் போக ஒரு வழி கிடைக்கும்.

வெயில் காலத்தில் இது இன்னும் மோசம். நாள் முழுக்க வெயிலில் வேலை செய்து வியர்த்து, தண்ணீர் சரியாகக் குடிக்காமல், இரவில் உடம்பு வலிக்கு ஒரு மாத்திரை. வாந்தி பேதியின் போதும் அப்படித்தான். உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது வலி மாத்திரையைத் தொடவே கூடாது. சுகருக்கு மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கு இன்னொரு கோணமும் உண்டு. மெட்ஃபார்மின் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறுகிறது. சிறுநீரகம் திடீரென்று மந்தமானால் அது உடம்பில் தேங்கும், ரத்தத்தில் அமிலம் கூடும். ஸ்பைரனோலாக்டோன் எடுக்கும் இதய நோயாளிகளுக்கு பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பு தடுமாறலாம். டிகாக்சின் என்ற இதய மருந்து எடுப்பவர்களுக்கு அதன் அளவு ரத்தத்தில் கூடலாம். காரணம் எல்லாவற்றுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான்: வெளியேற்ற வேண்டிய உறுப்பு ஒழுங்காக வெளியேற்றவில்லை.

சிறுநீரகம் இந்த மருந்தால் எவ்வளவு எளிதில் பாதிக்கப்படலாம் என்பதற்கு இந்தியாவின் கழுகுகளே சாட்சி. டைக்ளோஃபினாக் ஊசி போட்ட மாடு இறந்தபின் அதைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து கூட்டம் கூட்டமாக மடிந்தன. காரணம் இதுதான் என்று 2004-இல் உறுதியானது, 2006-இல் கால்நடைகளுக்கு டைக்ளோஃபினாக் தடை செய்யப்பட்டது. 2023-இல் அசிக்ளோஃபினாக்கையும் கால்நடைகளுக்குத் தடை செய்தார்கள். ஏன் தெரியுமா? அது மாட்டின் உடம்புக்குள் போய் டைக்ளோஃபினாக்காகவே மாறுகிறது. மனிதச் சிறுநீரகம் கழுகினுடையதைப் போல அவ்வளவு எளிதில் விழாது. ஆனாலும் மனித உடம்பிலும் அசிக்ளோஃபினாக்கில் ஒரு பகுதி டைக்ளோஃபினாக்காக மாறுகிறது.

இதிலிருந்துதான் நான் அடிக்கடி பார்க்கும் சேர்க்கைக்கு வருகிறேன்: வலி மாத்திரையோடு இன்னொரு வலி மாத்திரை. பல் மருத்துவர் ஒரு பெயரில் டைக்ளோஃபினாக் தருகிறார். மூட்டுக்கு ஏற்கெனவே இன்னொரு பெயரில் அசிக்ளோஃபினாக் போய்க்கொண்டிருக்கிறது. வீட்டில் பெண்களுக்கு மாதவிலக்கு வலிக்கு மெஃபனாமிக் அமிலம் இருக்கிறது, தலைவலிக்கு ஐபுப்ரோஃபென் கலந்த மாத்திரை இருக்கிறது. அட்டையின் நிறம் வேறு, பெயர் வேறு, வேலை ஒன்றே. இரண்டு சேர்ந்தால் வலி இரண்டு மடங்கு குறைவதில்லை, பாதிப்பு மட்டும் கூடுகிறது. டைக்ளோஃபினாக்கின் அதிகபட்ச அளவு பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குப் பொதுவாக 150 மி.கி. அந்தக் கணக்கு மற்ற அட்டைகளில் இருப்பதைச் சேர்க்காத கணக்கு. அட்டையின் பின்புறத்தில் பிராண்டு பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரைப் படிக்கும் பழக்கம் ஒன்று வந்தால் போதும், இது பெரும்பாலும் நின்றுவிடும்.

அடுத்து ரத்தக் கசிவு. இதயத்தில் வால்வு மாற்றியவர்கள், கால் நரம்பில் ரத்தம் கட்டியவர்கள் வார்ஃபரினோ அசினோகூமராலோ எடுப்பார்கள். புதிய வகையில் டாபிகாட்ரான், ரிவராக்சபான், அபிக்சபான் இருக்கின்றன. ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்துவதே இவற்றின் வேலை. டைக்ளோஃபினாக் ஒரு பக்கம் தட்டணுக்களின் ஒட்டும் திறனைக் குறைக்கிறது, மறுபக்கம் இரைப்பைச் சுவரில் புண்ணுக்கு வழி திறக்கிறது. புண் வந்தால் ரத்தம் நிற்காது. இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. வார்ஃபரின் எடுப்பவர்கள், ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனையை நம்பி இருப்பார்கள். எண் சரியாக இருந்தால் நிம்மதி. ஆனால் வலி மாத்திரை சேரும்போது ஐ.என்.ஆர். மாறாமலேயே கசிவு தொடங்கலாம், ஏனென்றால் கோளாறு இரைப்பையின் சுவரில். ரத்தத்தின் எண்ணைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது.

இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் சேர்ந்தே ஓடும். இவர்களுக்கு வயிற்றுக் கசிவு ஆபத்து ஏற்கெனவே இருக்கிறது, டைக்ளோஃபினாக் அதைக் கூட்டும். 75 மி.கி. ஆஸ்பிரினோடு ஐபுப்ரோஃபென் சேர்வதில் வேறு விதமான சிக்கல். ஆஸ்பிரின் தட்டணுவின் காக்ஸ் நொதியில் ஒட்டி, அந்தத் தட்டணுவின் ஆயுள் முழுக்க அதை முடக்குகிறது. ஐபுப்ரோஃபென் முந்திக்கொண்டு அதே இடத்தில் உட்கார்ந்துவிட்டால் ஆஸ்பிரினுக்கு இடம் கிடைப்பதில்லை. ஐபுப்ரோஃபென் சில மணி நேரத்தில் எழுந்து போய்விடும், ஆனால் அதற்குள் ஆஸ்பிரின் உடம்பை விட்டுப் போயிருக்கும். இதயத்தைக் காக்கப் போட்ட மாத்திரை அன்றைக்கு வீண். இதனால்தான் அமெரிக்காவின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2006-இல் ஒரு நேரக் கணக்கைச் சொன்னது: சாதாரண ஆஸ்பிரின் போட்டு அரை மணி நேரமாவது கழித்து ஐபுப்ரோஃபென் போட வேண்டும், அல்லது ஆஸ்பிரினுக்கு 8 மணி நேரத்துக்கு மேல் முன்னதாகப் போட்டிருக்க வேண்டும். டைக்ளோஃபினாக்கில் இந்த இடமறிப்பு தென்படவில்லை. அதற்காக அதை இதய நோயாளிக்குப் பாதுகாப்பானது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மாரடைப்பு, பக்கவாதம் வந்தவர்கள், இதயம் பலவீனமானவர்கள் டைக்ளோஃபினாக் எடுக்கவே கூடாது என்று ஐரோப்பிய மருந்து முகமை 2013-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது.

மனநல மாத்திரைகளைப் பற்றிப் பலரும் நினைத்தே பார்ப்பதில்லை. மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் தரப்படும் எஸ்சிடலோப்ராம், செர்ட்ராலின், ஃப்ளூஆக்சிடின் வகை மருந்துகள் தட்டணுக்களுக்குள் செரோடோனின் போவதைத் தடுக்கின்றன. செரோடோனின் இல்லாத தட்டணு சரியாக ஒட்டாது. தனியாக இதனால் பெரிய தொந்தரவு இல்லை. டைக்ளோஃபினாக் சேர்ந்தால் வயிற்றில் கசிவு ஆபத்து ஒவ்வொன்றும் தனித்தனியே தருவதைவிட வெகுவாகக் கூடுகிறது. முழங்கால் வலிக்குப் போன இடத்தில் மனநல மாத்திரையைப் பற்றிச் சொல்ல நம் ஆட்கள் கூச்சப்படுகிறார்கள். கூடவே மகனோ மருமகளோ நின்றால் இன்னும் கூச்சம். மருத்துவரிடம் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம், எழுதிக் காட்டலாம். சொல்லாமல் மட்டும் விடக் கூடாது. லித்தியம் என்ற மனநல மருந்து எடுப்பவர்களுக்கு இது இன்னும் அவசரமான விஷயம். டைக்ளோஃபினாக் வகை மாத்திரை சேரும்போது சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றுவது சுமார் 20 சதவீதம் குறைகிறது, ரத்தத்தில் அதன் அளவு சராசரியாக 15 சதவீதம் ஏறுகிறது. மருந்தாக வேலை செய்யும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறுகிய மருந்து லித்தியம். கை நடுக்கம் கூடினால், நடை தள்ளாடினால், பேச்சு குழறினால், வாந்தி வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போய் லித்தியம் அளவு பார்க்க வேண்டும்.

ஸ்டீராய்டும் டைக்ளோஃபினாக்கும் சேர்வதுதான் வயிற்றுக்கு மிகக் கொடிய ஜோடி. இரண்டும் எடுக்காதவர்களோடு ஒப்பிட்டால் இரண்டும் சேர்த்து எடுத்த முதியவர்களுக்கு வயிற்றுப் புண் ஆபத்து சுமார் 15 மடங்கு என்று ஒரு பழைய அமெரிக்க ஆய்வு காட்டியது. பிரெட்னிசலோன் எடுப்பவருக்குத் தான் ஸ்டீராய்டு எடுப்பது தெரியும். மெடிக்கலில் காகிதத்தில் மடித்து 'செட் மாத்திரை' வாங்குபவருக்குத் தெரியாது. அதில் வெள்ளையாக இருக்கும் அந்தக் குட்டி மாத்திரை டெக்சாமெத்தசோனாக இருக்கலாம், பக்கத்தில் இருப்பது டைக்ளோஃபினாக்காக இருக்கலாம். அட்டை இல்லாமல் உதிரியாகத் தரும் எந்த மாத்திரையையும் வாங்க வேண்டாம் என்று நான் அழுத்திச் சொல்வேன். 'பக்க விளைவே இல்லாத மூலிகை' என்று விற்கப்படும் மூட்டுவலிப் பொடிகளிலும் மாத்திரைகளிலும் ஸ்டீராய்டும் வலி மருந்தும் ரகசியமாகக் கலந்திருப்பதைச் சிங்கப்பூர் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. இரண்டே நாளில் வலி மாயமாகப் போனால் சந்தேகப்பட வேண்டும்.

முடக்குவாதத்துக்கு வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட் எடுப்பவர்களுக்கு மூட்டு மருத்துவரே வலி மாத்திரையும் எழுதுவார். அவர் ரத்த அணுக்களையும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினையும் பார்த்துக்கொண்டே தருவதால் அது சரி. தானாக வலி மாத்திரையைச் சேர்ப்பதும், பரிசோதனையைத் தள்ளிப்போடுவதும்தான் தவறு. வாயில் புண், காய்ச்சல், அடிபடாமலேயே தோலில் ரத்தம் கன்றிய தடம் வந்தால் காத்திருக்கக் கூடாது. உறுப்பு மாற்று செய்துகொண்டு டாக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின் எடுப்பவர்கள் இந்த வகை வலி மாத்திரையை நினைக்கவே வேண்டாம். பூஞ்சைத் தொற்றுக்கு வோரிகொனசோல் எடுத்தால் டைக்ளோஃபினாக் உடைந்து கரைவது தாமதமாகி, ரத்தத்தில் அதன் உச்ச அளவு இரண்டு மடங்குக்கு மேல் போகிறது. மதுவும் இந்தப் பட்டியலில் சேர்ந்ததே.

"கேஸ் மாத்திரையும் சேர்த்துத்தானே போடுறேன்" என்பது அடுத்து வரும் பதில். பான்டோபிரசோல், ஒமெபிரசோல் போன்றவை இரைப்பையையும் முன்சிறுகுடலையும் ஓரளவு நன்றாகவே காக்கின்றன. அதற்குக் கீழே உள்ள குடலைக் காப்பதில்லை. சிறுநீரகத்துக்கும் பி.பி.க்கும் அதனால் எந்தப் பயனும் இல்லை. சாப்பிட்ட பிறகு போட்டாலும் அப்படித்தான், ஊசியாகப் போட்டாலும் அப்படித்தான். மருந்து இரைப்பையைப் பாதிப்பது முக்கியமாக ரத்தத்தின் வழியாக என்பதால், வாய் வழியாகப் போகாத ஊசியும் புண் உண்டாக்கும்.

ஏற்கெனவே இப்படி ஒரு சேர்க்கையில் இருப்பவர்கள் பதறி பி.பி. மாத்திரையையோ ஆஸ்பிரினையோ நிறுத்திவிட வேண்டாம், அது வேறு ஆபத்தில் கொண்டுபோய் விடும். வலி மாத்திரையை நிறுத்தி வைத்துவிட்டு, வீட்டில் இருக்கும் எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். மூட்டுவாதத்துக்கு மருத்துவர் தெரிந்தே தொடர்ந்து தருவதாக இருந்தால் நிறுத்துவதற்கு முன் அவரிடம் பேசுங்கள். பி.பி. மாத்திரையோடு வலி மாத்திரையும் அவசியம் வேண்டும் என்று மருத்துவர் முடிவு செய்தால், தொடங்கிய முதல் ஓரிரு வாரத்தில் கிரியாட்டினினும் பொட்டாசியமும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். மலம் தார் போலக் கறுத்துப் போனால், ரத்த வாந்தி வந்தால், சிறுநீர் மிகவும் குறைந்தால், முகமோ காலோ திடீரென்று வீங்கினால் மறுநாள் வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வலியைப் பொறுத்துக்கொள் என்று சொல்வது என் நோக்கம் அல்ல. முழங்கால், விரல் மூட்டு போன்ற இடங்களுக்கு டைக்ளோஃபினாக் ஜெல் தடவினால், ரத்தத்தில் சேரும் அளவு மாத்திரையில் சேர்வதில் சுமார் 6 சதவீதம்தான். பி.பி. மாத்திரை எடுக்கும் பலருக்கு அது நல்ல வழி. ஆனால் ஜெல்லையும் மாத்திரையையும் சேர்த்து உபயோகிக்க வேண்டாம். சாதாரண வலிக்கு பாராசிட்டமால் பெரும்பாலான சேர்க்கைகளில் பாதுகாப்பானது, கல்லீரல் கோளாறு இல்லாதவரையிலும் அளவு மீறாதவரையிலும். டெங்குவோ என்று சந்தேகம் உள்ள காய்ச்சலில் உடம்பு வலிக்கும் அதை மட்டுமே போட வேண்டும். வார்ஃபரின் எடுப்பவர்கள் மட்டும், பாராசிட்டமாலையே தொடர்ந்து சில நாள் முழு அளவில் போட நேர்ந்தால், அதுவும் ஐ.என்.ஆர்.ஐ ஏற்றக்கூடும் என்பதால் அடுத்த பரிசோதனையைக் கொஞ்சம் முன்னதாகவே செய்துகொள்வது நல்லது.